‘இருக்கேன்’ என்றொரு விடை

நால்வர் மட்டுமே கொண்ட அந்த வாட்ஸப் குழுவுக்குப் பெயர் ஒருபோதும் நிலைத்ததில்லை. மொழியியல் முதுகலை முடித்து ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தபோது ஒரு பேராசிரியரின் வகுப்பறைப் பட்டப்பெயரோடு தொடங்கியது. பிறகு விடுதி உணவகத்துச் சாம்பாரின் பெயர் வந்தது. இப்போது வெறும் ஒரு புள்ளி. ஒருத்தி டெல்லியில், ஒருத்தி புணேயில், ஒருவன் ஹைதராபாத்தில், இன்னொருவன் குவாஹாட்டியில். நால்வரும் முனைவர் பட்ட ஆய்வாளர்கள். நாள் முழுதும் வேற்றுமொழியில் புழங்கிவிட்டு இரவில் தமிழுக்குத் திரும்புகிறவர்கள். நாளொன்றுக்கு நூறு செய்திகளாவது அதில் விழும். அவற்றில் தொண்ணூறு, தகவல் என்ற சொல்லுக்கே தகுதியற்றவை.

‘சாப்டியா’, ‘ம்’, ‘என்ன’, ‘உப்புமா’, ‘பாவம்’.

இத்தகைய பேச்சுக்கு மாலினோவ்ஸ்கி 1923இலேயே ஒரு பெயர் வைத்துவிட்டார். செய்தி சொல்வதற்காக அன்றி, உறவைப் பேணுவதற்காகவே பரிமாறப்படும் சொற்கள் என்றார். 1960இல் யாகோப்சன் இதனைத் தடம் திறந்திருக்கிறதா என்று தட்டிப்பார்க்கும் பணியாகச் சுருக்கினார். பாடநூல்களில் இதற்கு அரைப்பக்கம்தான். தேர்வில் இரண்டு மதிப்பெண். எனினும் ‘சாப்டியா’ என்பது பொருளற்ற ஓசை என்று ஆய்வு மாணவரிடம் யாரும் சொல்லிவிட முடியாது. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்பது காகிதத்தில் உள்ள தொகை. நெட் தேறாதவர்க்குப் பல்கலைக்கழகங்கள் வழங்குவது 8,000. அது மூன்று மாதங்களாக வராத பருவத்தில் ‘சாப்டியா’ தன் நேர்ப்பொருளுக்கே திரும்பிவிடுகிறது. அப்போது வரும் ‘ம்’ உண்மையா என்பதை எழுத்திலிருந்து கண்டறிய வழியில்லை.

செய்திகள் அக்குழுவுக்குள் நுழையும்போது பெரும்பாலும் ஓர் ‘ஆம்’ ஒட்டிக்கொண்டு வரும். ‘நெட் கேன்சலாம்.’ 2024 சூன் 18 அன்று ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய அத்தேர்வு மறுநாளே ரத்தானபோது, அமைச்சகத்தின் அறிவிப்புக்கு இணையாக ஓடியது அந்த ஒற்றைச் சொல். பிறர் வாய்மொழியாகக் கேட்டது, பொறுப்பு என்னுடையதன்று என்பதை வினையின் வாலிலோ பெயரின் வாலிலோ ஓரசையில் சொல்லிவிடும் வசதி தமிழுக்கு உண்டு. தெலுங்கில் ‘அட’, கன்னடத்தில் ‘அந்தெ’, மலையாளத்தில் ‘அத்ரே’, மராத்தியில் ‘ம்ஹணே’. ஹைதராபாத்துக்காரனின் ஆய்வேடே இதைப் பற்றியது. ஆகவே அவன் ‘ஆம்’ போட்டால் மற்ற மூவரும் அதனைத் தரவாக எடுத்துக்கொள்வதா, செய்தியாக எடுத்துக்கொள்வதா என்று கேலி செய்வார்கள். முன்னனுப்பிய செய்திகளுக்கு வாட்ஸப் நிறுவனம் 2018இல் ஓர் அடையாளக் குறி சேர்த்தது. நம் பாட்டிமார் கதை சொன்ன நாள்தொட்டு அந்தக் குறியைச் சேர்த்தேதான் பேசி வந்தார்கள். வினாத்தாள் கசிந்ததற்குச் சான்றாகச் சுற்றிய படமே திருத்தப்பட்டது என்று சிபிஐ விசாரணையில் தெரிந்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. அதையும் குழுவில் ‘ஆம்’ போட்டே பகிர்ந்தார்கள்.

உடல்நலம் பற்றிய பேச்சு இவ்வளவு எளிதன்று. ‘எப்படி இருக்கிறாய்’ என்ற வினாவுக்கு எல்லோரும் பொய் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது என்று ஹார்வி சாக்ஸ் 1975இல் எழுதினார். நலமில்லை என்றால் அடுத்த வினா வரும். அடுத்ததற்கு விளக்கம் வேண்டும். அந்த விளக்கத்தைக் கேட்கும் உரிமை எல்லோர்க்கும் இல்லை. எனவே ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறோம். தமிழில் இதற்கு இடைநிலை ஒன்றும் இருக்கிறது. அடைமொழியை உதிர்த்துவிட்டு ‘இருக்கேன்’ என்று மட்டும் சொல்வது. பொய்யும் இல்லை, புகாரும் இல்லை.

2024 நவம்பரில் டெல்லிக்காரியின் விடைகள் இவ்வாறு உதிரத் தொடங்கின. அம்மாதம் 18ஆம் தேதி டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டியது. அளவுகோலின் உச்சமே 500. நகரமே இருமிக்கொண்டிருந்தது. அவளும் இருமினாள். ‘இங்க எல்லாருக்கும் இருக்கு’ என்றாள். மருத்துவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்கிறார்கள். ஆனால் எல்லோரும் இருமும் ஊரில் ஒருவருடைய இருமலுக்கு யார் நாள் எண்ணுவது?

எண்ணியவள் புணேக்காரி. அவள் எண்ணியது இருமலை அன்று, குரற்செய்திகளை. டெல்லிக்காரி தட்டச்சு செய்யச் சோம்பல்படுகிறவள். நான்கு நிமிடம் நீளும் ஒலிப்பதிவுகளை அனுப்பி மற்றவர்களின் பொறுமையைச் சோதிப்பவள். அவை மூன்று வாரங்களாக நின்றுபோயிருந்தன. எல்லாம் எழுத்தில் வந்தன. அதுவும் முழுச்சொற்களாக, பிழையின்றி. ஒரு நிமிடம் இடைவிடாமல் பேச இயலாதவர் எழுதத் தொடங்குவார் என்பதை ஊகிக்க மொழியியல் பட்டம் தேவையில்லை, அக்கறை போதும். ‘ஒரு வாய்ஸ் நோட் போடுடி’ என்று புணேயிலிருந்து செய்தி போனது. நீல நிறக் குறிகள் இரண்டும் விழுந்தன. விடை வரவில்லை. மறுநாள் வந்த பதிவு பதினோரு நொடி; அதில் ஏழு நொடி இருமல்.

பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே நடந்தது. முடிவை அவள் குழுவில் இட்ட விதம்: ‘எனக்கு டிபியாம்.’

இந்த ‘ஆம்’ சற்று நின்று பார்க்கத்தக்கது. தன்மையோடு அது வந்தால் பெரும்பாலும் எள்ளல். ‘நான் சோம்பேறியாம்’ என்பவர் அதனை ஒப்புக்கொள்வதில்லை. இங்கே எள்ளலுக்கு இடமில்லை. தன் நுரையீரலில் நடப்பதை மருத்துவர் வாயிலாகக் கேள்விப்பட்டவளின் சொல் அது. சயரோகம், எலும்புருக்கி என்று முன்னோர் குரல் தாழ்த்திச் சொன்ன நோய்க்கும் தனக்கும் இடையில் அவள் வைத்த ஓரசைத் தடுப்பு. ஹைதராபாத்துக்காரன், தன் ஆய்வுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது என்று அறிந்தும், அதனை ஆய்வேட்டில் சேர்க்கவில்லை.

நோயைவிடப் பெரிய சிக்கல், அறைத்தோழி. மருந்து தொடங்கிய சில வாரங்களில் தொற்று பரவும் தன்மை வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் அதே அறையில் சன்னல் சாத்தித் தூங்கியவளுக்கும் பரிசோதனை வேண்டும். அதற்கு அவளிடம் சொல்ல வேண்டும்; சொன்னால் விடுதிக்கே தெரியும் என்று டெல்லிக்காரி அஞ்சினாள். அவள் அச்சம் கற்பனையன்று. இந்த நோயின் பெயர் கேட்டுத் தட்டும் தம்ளரும் தனியாகிப்போன வீடுகள் நாடெங்கும் உண்டு. குவாஹாட்டிக்காரன் பத்து நாள் பொறுக்கலாம் என்றான். ஹைதராபாத்துக்காரன், ‘அவங்க மூச்சும் அந்த ரூம்லதான் இருக்கு’ என்று எழுதினான். சரியான சொல்தான்; சொன்ன நேரம்தான் கொடியது. டெல்லிக்காரி குழுவிலிருந்து வெளியேறினாள். புணேக்காரி அவனிடம் இரண்டு நாள் பேசவில்லை. ஐந்தாண்டில் முதன்முறையாக ‘சாப்டியா’ கேட்கப்படாத இரவுகள் அவை.

மூன்றாம் நாள் அவள் தானாகவே திரும்பி வந்து, சொல்லிவிட்டதாக எழுதினாள். அறைத்தோழியிடம் இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியில் ‘ஆம்’ இல்லை. ‘டாக்டர் சொல்கிறார்’ என்று தனி வாக்கியமாகத் தொடங்கலாம். தொண்டை அடைத்து நிற்பவருக்கு அவ்வளவு நீளம் வாய்க்காது. ‘முஜே டிபி ஹை’ என்று நேராகச் சொன்னாளாம். அந்தப் பெண் ஒரு நொடி பேசாமலிருந்துவிட்டு, தன் மாமாவுக்கும் வந்து குணமானது என்றாள். பரிசோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை.

ஆறு மாத மருத்துவம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் கூட்டிய மாத்திரை, பிறகு மூன்று; எண்ணிக்கை எடைக்கேற்ப. நாற்பத்தாறு கிலோ எடைக்கு நாளும் மூன்று. சிறுநீர் செம்மஞ்சளாகும் என்று முன்பே சொல்லாவிட்டால் முதல்நாள் யாரும் மிரண்டுபோவார்கள். ஊட்டச்சத்துக்கென அரசு தரும் தொகை அந்த நவம்பரில்தான் மாதம் 500இலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. அது ஆய்வு உதவித்தொகைக்கு முன்னே வங்கிக்கு வந்து சேர்ந்ததைக் குழு கொண்டாடியது. நண்பர்களால் கஞ்சி வைத்துக் கொடுக்க முடியாது. படிக்கட்டில் கைபிடிக்க முடியாது. முடிந்தது ஒரு வினா மட்டும். சூரியன் முன்னதாக எழும் குவாஹாட்டியிலிருந்து தினமும் காலையில் முதலில் வரும்: ‘போட்டாச்சா?’

‘போட்டாச்சு.’

இவ்வினைக்குத் திணை, பால், எண் எதுவும் இல்லை. யார் போட்டது என்று அது சொல்வதில்லை. நால்வருமே மாத்திரை போட்டுக்கொண்டதுபோல் ஆறு மாதம் அப்படியே ஓடியது. நடுவில் ஒரு வாரம் வாந்தி மிகுந்து, நிறுத்திவிடலாமா என்று அவள் கேட்டபோது மூவரும் ஒரே நேரத்தில் அழைத்ததில் யாருக்கும் இணைப்பு கிடைக்கவில்லை. எந்த மாதத்தில் என்று நினைவில்லை, அவள் நோயைக் குறிக்கும்போது ‘ஆம்’ போடுவதை விட்டிருந்தாள்.

2025 மே 26இலேயே மும்பைக்குப் பருவமழை வந்துவிட்டது. அந்த வாரத்தில் மருந்துச்சீட்டு முடிந்தது. முடிந்த மறுநாள் காலையிலும் குவாஹாட்டியிலிருந்து ‘போட்டாச்சா’ வந்தது. ‘தோசைதான் போட்டிருக்காங்க, கருகிடுச்சு’ என்று நான்கு நிமிடக் குரற்செய்தி ஒன்று வந்தது. அதில் உணவகத்தின் புதிய ஒப்பந்தக்காரரைப் பற்றிய வசை மூன்றரை நிமிடம். புணேக்காரி முழுதும் கேட்காமலே, துணி காயவில்லை என்று பதில் போட்டாள்.