வேடந்தாங்கலுக்கு எந்தக் காமிரா?

சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் இருக்கிறது வேடந்தாங்கல். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில்தான் கூடுகள். நாம் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். அதுவும் நியாயம்தானே? கிட்டே போனால் தாய்ப்பறவை மிரண்டு எழுந்துவிடும். பச்சைக் குஞ்சு வெயிலில் வாடும். தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை!

ஜனவரியில் போனபோது, 65 மடங்கு ஜூம் உள்ள பிரிட்ஜ் காமிராவைக் கொண்டு போனோம். லென்ஸ் மாற்றும் தொல்லை கிடையாது. கரையில் நின்றபடியே மஞ்சள்மூக்கு நாரை குஞ்சுக்கு மீன் ஊட்டுவதைப் பார்த்தோம். "அம்மா, வாயைத் திறக்குது பார்!" என்று சின்னவனுக்கு ஒரே குதூகலம்.

குறையும் உண்டு. இவ்வகைக் காமிராக்களில் படம் பதியும் சென்ஸார் சுண்டுவிரல் நகத்தளவுதான். முழு ஜூமில் லென்ஸுக்குள் வெளிச்சமும் குறைவாகவே வரும். அதனால் பொழுது சாய்ந்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். கை லேசாக நடுங்கினாலும் போச்சு! பறக்கிற பறவையைப் பிடிப்பதும் கஷ்டம்.

காலை வெயிலில் எடுங்கள். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். முழு ஜூமுக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். வீட்டு விசேஷத்துக்கு செல்போனே போதும். வருஷத்தில் ஒரு தடவைதான் பறவை பார்க்கப் போவீர்களென்றால், காமிராவை வாடகைக்கு எடுத்தாலே போதுமே!