ஜூஜூவாடி தாண்டினால் என்ன விலை?

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குபவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது மூன்று வார்த்தைகள்: எவ்வளவு, எந்த்த, எஷ்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். விலைதான் பாஷைக்குப் பாஷை மாறுமோ என்று பயந்துகொண்டே குடும்பத்தோடு இறங்கினேன்.

அண்ணன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறார். லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் எல்லாம் தயாராகிற ஊர். "இங்கே செய்யற எல்லாமே ஓடும்டா. சம்பளம் மட்டும் இருபதாம் தேதியோட நின்னுடும்" என்பார்.

அதற்கப்புறம் வீட்டை ஓட்டுவது அண்ணியும் அவருடைய நோட்டும்தான்.

ஊர் எல்லையில் இருக்கிறது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம், அத்திப்பள்ளி வந்துவிடும். இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை, புத்திசாலி இரண்டுக்கும் நடுவில் பிழைத்துக்கொள்வான் என்பது என் எண்ணம். போன மறுநாளே பையை எடுத்துக்கொண்டு, "அத்திப்பள்ளி போய் மளிகை வாங்கிட்டு வரலாமா அண்ணி?" என்றேன்.

அண்ணி சிரித்தார். "எந்தக் காலத்துல இருக்கீங்க தம்பி? சோப்பும் மிக்ஸியும் ரெண்டு பக்கமும் ஒரே வரிதான். ஜி.எஸ்.டி. வந்து எத்தனை வருஷமாச்சு!"

உண்மைதான். ஒரு காலத்தில் இரண்டு மாநிலத்துக்கும் விற்பனை வரி வேறு வேறு. செக்போஸ்ட்டில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். 2017 ஜூலை 1-ம் தேதியோடு அந்த வித்தியாசம் போய்விட்டது. இப்போது மிச்சமிருப்பது ஜி.எஸ்.டி.க்குள் வராத பெட்ரோல், டீசல், மதுபானம். அப்புறம் அந்தந்த அரசு தீர்மானிக்கிற பால் விலை, பஸ் கட்டணம். கடைசியில் சொன்ன இரண்டில்தான் அண்ணிக்கு அக்கறை. மதுபானம் பற்றி நான் கேட்கவில்லை. மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

டீசல் அண்ணனின் இலாகா. 2021 நவம்பரில் மத்திய அரசு வரியைக் குறைத்தபோது, கர்நாடகம் தன் பங்குக்கு லிட்டருக்கு 7 ரூபாய் குறைத்தது. தமிழ்நாடு அப்போது குறைக்கவில்லை. அந்தப் பக்கம் டீசல் சுமார் 6 ரூபாய் மலிவு! அண்ணன் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு அத்திப்பள்ளி போய் இருபது லிட்டர் போட்டுக்கொண்டு, 120 ரூபாய் லாபம் என்று விசிலடித்தபடி வந்திருக்கிறார்.

அண்ணி நோட்டைப் பிரித்தாராம். போக வர ஒரு லிட்டருக்கு மேல் டீசல், கிட்டத்தட்ட 90 ரூபாய். வழியில் டீயும் பஜ்ஜியும் 50 ரூபாய். "லாபம் போக நஷ்டம் 20 ரூபாய்" என்று எழுதி, அண்ணனிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்! அன்றிலிருந்து நோட்டில் 'போக வர' என்று புதிதாக ஒரு கட்டம். எதை வாங்கினாலும் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் லாபம் என்று எழுதக்கூடாது. பிறகு 2024 ஜூனில் கர்நாடகமும் சுமார் 3 ரூபாய் ஏற்றிவிட, அண்ணன் விசிலடிப்பதையே விட்டுவிட்டார்.

பால் கதையும் அப்படியே. நந்தினி பால் மலிவு என்று அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் உண்டு. 2021 மே மாதம் ஆவின் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. நந்தினியோ 2023 ஆகஸ்டில் 3 ரூபாய், 2025 ஏப்ரலில் 4 ரூபாய் என்று ஏறியது. கணக்கு தலைகீழ்! "எல்லைக்கோடு நகராது தம்பி. விலைதான் நகரும்" என்றார் அண்ணி.

பஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் இலவசம். ஆனால் கர்நாடக விலாசம் உள்ள அடையாள அட்டை வேண்டும். ஆக, அத்திப்பள்ளி அம்மா ஓசூர் டவுன் பஸ்ஸில் ஏறினால் இலவசம். ஓசூர் அண்ணி அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறினால் காசு! "இந்தப் பக்கம் ராணி, அந்தப் பக்கம் வெறும் பயணி" என்றேன். அண்ணி ரசிக்கவில்லை.

அண்ணிக்கு நிஜமான லாபம் வருகிற இடம் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதலில் ஆரம்பித்த திட்டம். ஓசூரிலும் நன்றாக நடக்கிறது. காலையில் அதிகாரிகள் மொத்த விலையையும் கடை விலையையும் விசாரித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு விலையைப் போர்டில் எழுதிவிடுகிறார்கள். விளைவித்தவரே விற்கிறார். பழக்க தோஷத்தில் என் மனைவி கத்தரிக்காய்க்குப் பேரம் பேச, "போர்டைப் பாரும்மா" என்றார் பெரியவர். தக்காளி மூட்டை ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே சில நாள் கிலோ நூறைத் தாண்டும். சில நாள் பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் ரோட்டில் கொட்டுவார்கள். பேரம் பேசிய கை தானாக மடங்கிக்கொண்டது.

ராத்திரி நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். காய்கறி, பஸ், பால் என்று வாரா வாரம் மிச்சம் பிடித்த சில்லறை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மகளின் பெயர். மூன்று வருஷத்து மிச்சம், அவளுடைய காலேஜின் முதல் வருஷ பீஸ்! பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, கவர்னர் ஜெனரலான பிறகும் கதர் வேட்டியை விடாதவர். அவர் பார்த்திருந்தால் அண்ணியை நிதி மந்திரியாக்கியிருப்பார்.

ஒரு வரி மட்டும் கோடு போட்டு அடித்திருந்தது. 'பட்டாசு - எல்லைக் கடை.'

"அது ஏன் அண்ணி?"

2023 அக்டோபர் 7-ம் தேதி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்தது. பதினான்கு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பெரும்பாலும் தீபாவளி சீசனுக்கு வேலைக்குப் போன தமிழ்நாட்டுப் பையன்கள். "படிக்கிற பசங்க தம்பி. லீவுல நாலு காசு சம்பாதிக்கப் போனவங்க. நாம அங்கே மிச்சம் பிடிச்ச காசுக்கு அவங்க போக வர எழுதியிருந்தேன்னா, வரன்னு எழுத இடமே இல்லை." அண்ணி நோட்டை மூடி வைத்தார்.

ஊர் திரும்பும்போது என் மனைவி உழவர் சந்தையில் பத்து கிலோ தக்காளி வாங்கிக்கொண்டாள். எங்கள் தெருக் கடையைவிடக் கிலோவுக்கு 8 ரூபாய் குறைவு. சென்னையில் இறங்கினோம். பையைத் தூக்க முடியாமல் ஆட்டோவைக் கூப்பிட்டு, பழக்கத்தில், "எஷ்டு?" என்றேன்.

"லக்கேஜோட சேர்த்து இருநூறு ஸார்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு புது நோட்டை எடுத்தாள். எதையும் எழுதுவதற்கு முன்னால் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, மேலே கொட்டை எழுத்தில் தலைப்புக் கொடுத்தாள்: 'போக வர.'