மணி கழற்றிய குதிரை

எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்திற்குப் பொறுப்பாசிரியராக நான் இருந்துவருகிறேன். ஆண்டுதோறும் மாணவர்களை ஒரு நீர்நிலைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். பெரும்பாலும் அது வேடந்தாங்கலாகவே அமையும். இவ்வாண்டு திட்டமிடும் கூட்டத்தில் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, ஒரு நிழற்படத்தைக் காட்டினான். மழைநீர் தேங்கிய பரந்த வெளி. அதில் கணுக்கால் நனைய நின்று மேயும் குதிரைகள். தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாய்ப் பூநாரைகள். இடம், கோடியக்கரை.

"அம்மா, அங்கே கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்கலாம். குதிரையில் ஏறியே சதுப்பு நிலம் முழுவதையும் சுற்றி வரலாம்" என்றான். மெரினா கடற்கரையில் காசு கொடுத்து ஐந்து நிமிடம் குதிரையேறியது தவிர அவனுக்கும் வேறு பழக்கம் இல்லை. வகுப்பு ஆரவாரித்தது. நானும் அந்த உற்சாகத்தில் கரும்பலகையில் 'குதிரைகளுடன் ஒரு முகாம்' என்று தலைப்பே எழுதிவிட்டேன்.

தாம்பரத்திலிருந்து கோடியக்கரை 300 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. தொடர்வண்டியில் திருவாரூர் சென்று, அங்கிருந்து திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகப் பேருந்தில் செல்லவேண்டும். 1930ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தோர் உப்பெடுத்த மண்ணும் அவ்வழியிலேயே உள்ளது. வங்கக்கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் அந்நிலமுனை 1967ஆம் ஆண்டு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நம் வாசலில் கிடக்கும் பள்ளிக்கரணை அப்பட்டியலில் சேர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோடியக்கரையில் உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, உப்பங்கழி, சேற்றுத்திட்டு எனப் பலவகை நிலங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. எனவேதான் உள்ளானும் ஆலாவும் பூநாரையும் வலசை வருகின்ற அதே இடத்தில் வெளிமான்களும் திரிகின்றன.

திட்டமிடத் தொடங்கியதும் முதலில் வீழ்ந்தது கூடாரம். சரணாலயத்திற்குள் விரும்பிய இடத்தில் கூடாரம் அடித்துத் தங்க இயலாது. வனத்துறையின் இசைவு பெற்று நுழையவேண்டும். தங்குவதற்குப் பூநாரை இல்லம் என்னும் அவர்களது விடுதி உண்டு. கார்த்திகை, மார்கழியில் புயலச்சம் இருப்பதால் தை மாதம் என்று முடிவு செய்தோம். பளிச்சிடும் நிற உடை கூடாது, பாட்டுப்பெட்டி கூடாது, இருகண்நோக்கி மூவருக்கு ஒன்று எனப் பட்டியல் வளர்ந்தது. "பேசவும் கூடாதா?" என்று ஒருத்தி சலித்துக்கொண்டாள். அகநானூற்றுத் தலைவன் ஒருவன், பூவில் துணையோடு தாதுண்ணும் வண்டுகள் அஞ்சிவிடக் கூடாதென்று, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டுக் குதிரைகளைச் செலுத்தி வருவதை அவளுக்கு நினைவூட்டினேன்.

அடுத்து வீழ்ந்தது சவாரி. கோடியக்கரைக் குதிரைகள் ஏறுவதற்கானவை அல்ல. அவை ஒருகாலத்தில் மனிதர் வளர்த்து, பின் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை. பிறந்த நாள்முதல் சேணமோ கடிவாளமோ அறியாதவை. ஆயினும் அவற்றைக் காட்டு விலங்கு என்றும் சொல்வதற்கில்லை. வெளிமான் அந்நிலத்திற்கு உரியது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையின் காவல் பெற்றது. குதிரையோ நம்மால் அங்கே சென்றது. வெளிமான் மேயும் புல்லையே குதிரையும் மேய்கிறது. சீமைக் கருவேலங்காய்களைத் தின்று, இலத்தியோடு விதைகளைப் புல்வெளி முழுதும் பரப்புகிறது. கருவேலம் அடர்ந்தால் புல்வெளி சுருங்கும். திறந்தவெளியில் ஓடித் தப்புவதையே தன் காவலாகக் கொண்ட மானுக்கு அஃது உயிர்ச்சிக்கல். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரைகடந்தபோது மானும் மடிந்தது, குதிரையும் மடிந்தது. புயல் அவற்றை வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

'கைவிட்ட' என்னும் அச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதியபோது என் கை சற்றே நின்றது.

என் தாத்தா தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தின் வாயிலில் ஜட்கா வண்டி ஓட்டியவர். சானடோரியத்தில் நோயாளிகளைக் காண வருவோர், கிறித்தவக் கல்லூரிக்குச் செல்வோர், விமானப்படைத் தளத்திற்கு விடுப்பு முடிந்து திரும்புவோர் எல்லாரும் அவர் வண்டியில் ஏறியவர்களே. குதிரையின் பெயர் ராசாத்தி. கழுத்தில் பித்தளைமணிகள் கோத்த தோல்வார் ஒன்று உண்டு. தாத்தா வீடு திரும்புவதை நாங்கள் அம்மணியோசையால் அறிவோம். பிறகு ஆட்டோக்கள் பெருகின. கொள்ளின் விலை ஏறியது. வண்டியின் வருமானம் இறங்கியது. வாங்குவார் யாரும் இல்லை. இறைச்சிக்கு விலைபேச வந்தவரைத் தாத்தா வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

எனக்கு ஏழு வயது இருக்கும். ஒருநாள் காலையில் கொட்டில் வெறுமையாய்க் கிடந்தது. மணிவார் மட்டும் ஆணியில் தொங்கியது. நள்ளிரவில், நாங்கள் விழித்துவிடாதிருக்க மணியைக் கழற்றிவிட்டு, ராசாத்தியைச் சேலையூர், மேடவாக்கம் வழியே நடத்திச் சென்று பள்ளிக்கரணைக் கழுவெளியில் விட்டுவிட்டாராம். "அங்கே புல்லும் தண்ணீரும் நிறைய இருக்கு கண்ணு, மகராசியாய் இருப்பாள்" என்றார். நெடுங்காலம் அதை நான் ஒரு விடுதலைக் கதையாகவே எண்ணி வந்தேன். லாடம் அடித்த குளம்போடு, பதினைந்து ஆண்டுகள் கொள்ளுப்பையில் உண்டு பழகிய கிழக்குதிரை சதுப்பில் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும் என்று கேட்க எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

இதை அடுத்த கூட்டத்தில் மாணவர்களிடம் கூறினேன். கூறவேண்டும் என்று எண்ணிச் செல்லவில்லை. கோடியக்கரைக் குதிரைகளை அங்கிருந்து அகற்றலாமா என்னும் பேச்சு வந்தபோது தானாக வந்துவிட்டது. "விட்டவர்களும் நாம், வெளியேறு என்பவர்களும் நாமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "குதிரைக்கு வேறிடம் தேடலாம். வெளிமானுக்கு எந்த இடம் இருக்கிறது?" என்றான் நிழற்படம் கொண்டுவந்தவன். சவாரி கேட்டவன் அவன்தான். எனக்கு மான் கட்சியே சரியென்று படுகிறது. குதிரைகளைத் துன்புறுத்தாமல் பிடித்து, அவற்றின் எஞ்சிய வாழ்நாளுக்குப் பொறுப்பேற்று, வேறிடத்தில் பேணுவதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். அவ்விரண்டும் இல்லாமல் 'அகற்றுவோம்' என்பது, நள்ளிரவில் இன்னொரு முறை மணியைக் கழற்றுவதுதான். அவ்வாறு சொன்னபோது என் குரல் சற்றுக் கடுமையாக ஒலித்திருக்க வேண்டும்; வகுப்பு அமைதியாகிவிட்டது.

பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். காலையும் மாலையும் ஒரே இடத்தில் அமர்ந்து, குதிரைகள் மேயும் இடம், மான்கள் மேயும் இடம், இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்குகின்றன என்பதைப் பதிவது ஒரு குழுவின் பணி. இலத்தியில் முளைத்திருக்கும் கருவேலங்கன்றுகளை எண்ணுவது மற்றொரு குழுவின் பணி. இதற்கு முதலில் யாரும் முன்வரவில்லை. பறவைகளுக்குத் தனிக்குழு. இசைவு விண்ணப்பத்தில் நோக்கம் என்னும் இடத்தில் 'சதுப்பு நில மேய்ச்சல் விலங்குகளை உற்றுநோக்கல்' என்று எழுதினோம்.

கலையும்போது அந்த மாணவி என்னருகே வந்தாள். "அம்மா, உங்கள் தாத்தா அப்புறம் அதைத் தேடிப் போனாரா?"

போனார். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மிதிவண்டியின் பின்னால் கொள்ளுப்பையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போனார். மாலையில் அந்தப் பையை அவிழ்க்காமலேயே கொண்டுவந்து, மணிவாருக்குப் பக்கத்தில் மாட்டினார்.