பேர் மாறின வட்டி

போன ஓணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாறசாலை அக்கா டிவி வாங்கணும்னு நெய்யாற்றின்கரைல ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனா. "மாசம் 2,000, 12 தவணை, வட்டி கிடையாது"ன்னு போர்டு.

"ரொக்கம்னா எவ்வளவு?"ன்னு கேட்டேன். 22,500. தவணைன்னா 24,000, பிராசசிங் ஃபீஸ் 700 தனி. ஆக, 2,200 ரூபாய் வட்டிதான். பேர்தான் வேற.

பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்ப 'நோ காஸ்ட் இஎம்ஐ'ங்கிறாங்க.

"ரொக்கத்தை நான் தர்றேன்க்கா"ன்னேன்.

"வேண்டாம் தம்பி. மாசம் 2,000ன்னா நானே கெட்டிருவேன். ஒன்கிட்ட எத்தனை தடவை கை நீட்ட?"

கணக்கு எனக்குச் சரி. அக்காவுக்கு அந்த 2,200க்கு வேற கணக்கு. ஊருக்குப் பணம் அனுப்புற நீங்க என்ன சொல்லுவீங்க?