சூரியன் மறையாத நெய்தல்

பெங்களூரில் மெட்ரோ ரயில் முதன்முதலாக ஓடிய 2011 அக்டோபரிலேயே அல்சூர் நிலையமும் திறந்தாகிவிட்டது. அங்கிருந்து மர்பி டவுன் நடக்கிற தூரம்தான். பெயரைக் கேட்டுவிட்டு ஆங்கிலேய பங்களாக்களையும் ரோஜாத் தோட்டங்களையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நேர்க்கோடு போட்ட குறுகிய தெருக்கள். திண்ணை அளவே உள்ள முன்வாசல்கள். மாட்டிறைச்சிக் கடைகள். மாதா படத்துக்கும் மாரியம்மன் படத்துக்கும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் எரியும் சீரியல் விளக்குகள். காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். ஆனால் வாக்கியத்துக்கு ஒரு 'சொல்ப' வந்து உட்கார்ந்துகொள்ளும் தமிழ்.

முன்னாளில் இது நாக்ஸ்பேட்டை. பிறகு, கண்டோன்மென்ட் நிர்வாகத்தில் வேலை பார்த்த மர்பி என்ற பொறியாளரின் பெயர் வந்தது. 1809இல் ஆங்கிலேயர்கள் இங்கே படை முகாம் போட்டபோது சென்னைப் படையோடு ஒரு தமிழ்க் கூட்டமும் வந்து சேர்ந்தது. சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள், கொத்தனார்கள், துப்புரவுத் தொழிலாளர்கள். தலித்துகள் நிறைய. வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். ஊர் எதுவென்று கேட்டால் வேலூர்ப் பக்கம், ஆற்காட்டுப் பக்கம் என்று கை நீட்டுவார்கள். போய் எத்தனை வருடமாயிற்று என்று கேட்டால் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்ட தெருவில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளைப் பற்றிப் படிப்பது கொஞ்சம் விசித்திரமான காரியம். மொழிபெயர்ப்பு வேலை அந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். தூர வடக்கில் மனிதர்களுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை ஆராய்வது மானிடவியலில் ஒரு பழைய பாதை. கடல்நீரின் நிறத்தைப் பற்றி எழுதி இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய ஃபிரான்ஸ் போவாஸ், 1883இல் கனடாவின் பாஃபின் தீவுக்குப் போய் எஸ்கிமோக்களோடு (இன்று இனுயிட் என்பதே மரியாதை) ஓர் ஆண்டு இருந்துவிட்டு மானிடவியலாளராகத் திரும்பினார். அவருக்குப் பின்னால் கலைமான் மேய்ப்பவர்களையும் கடல்நாய் வேட்டைக்காரர்களையும் தேடிப் போன ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கணக்கில்லை.

அந்த வரிசையில் ஒரு பெண்மணி தேடிப் போனது தமிழர்களை. ஆன் சிக்ஃப்ரிட் குரோன்செத் என்ற நார்வே மானிடவியலாளர், தம் நாட்டின் வடகோடியில் ஒரு மீன்பிடி ஊரில் வாழ்ந்த ஈழத்தமிழ் அகதிகளிடையே களப்பணி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். 2010இல் அது நூலாகவும் வந்தது. ஊரின் உண்மைப் பெயரை மறைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

தமிழன் அங்கே எப்படிப் போனான்? யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நார்வே போய்ச் சேர்ந்தார். நார்வேக்குப் போன முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். மீன்பிடித் தொழிலைக் கற்று, 'சீ-நோர்' என்ற திட்டத்தைக் காரைநகரில் கொண்டுவந்தவர். அந்த உறவைப் பிடித்துக்கொண்டு பின்னாட்களில் மாணவர்கள் போனார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகள் போனார்கள். வடக்கே ஃபின்மார்க் மாவட்டத்தில் மீன் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. நார்வே இளைஞர்களோ தெற்கு நகரங்களுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில், ரப்பர் பூட்ஸும் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு, மீனைச் சதையாகச் சீவித் தள்ளும் வேலைக்குத் தமிழர்கள் நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் மீன் என்பது ஒரு சாதியின் தொழில். மீனைத் தொட்டு அரியாத கைகளுக்கும் அங்கே அதே கத்திதான்.

குரோன்செத்தின் ஆய்வு பிடித்துக்கொள்வது வலியை. தலைவலி, தோள்வலி, வயிற்றுவலி என்று இந்தத் தமிழர்கள் திரும்பத் திரும்ப டாக்டரிடம் போகிறார்கள். சோதனைகளில் ஒன்றும் இல்லை. டாக்டருக்கும் புரியவில்லை, நோயாளிக்கும் திருப்தியில்லை. உறவும் சுற்றமும் சேர்ந்து தாங்கிய ஓர் ஆளை அவற்றிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தினால், அந்த இழப்பு உடம்பின் வழியாகப் பேசுகிறது என்பது அவரது வாதம். இதில் மொழிபெயர்ப்பாளனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். நம் அம்மாக்கள் 'நெஞ்சு பாரமா இருக்கு' என்பார்கள். அதை வார்த்தைக்கு வார்த்தை இன்னொரு மொழியில் போட்டால் டாக்டர் ஈ.சி.ஜி. எடுக்கத்தானே செய்வார்?

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இந்த இடத்தில் திணை ஞாபகம் வராமல் போகாது. நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் பறவையும் உணவும் தொழிலும் கருப்பொருள், மனித மனநிலை உரிப்பொருள் என்று மனிதனையும் இயற்கையையும் ஒரே சட்டத்தில் மாட்டியவர்கள் நாம். ஃபின்மார்க்கை அதில் பொருத்திப் பார்த்தேன். கடலும் கடல் சார்ந்த இடமும், எனவே நெய்தல். உரிப்பொருள் இரங்கல். அதுவும் சரியாக உட்காருகிறது. சிக்கல் சிறுபொழுதில். நெய்தலுக்கு எற்பாடு. எற்பாடு என்பது சூரியன் சாயும் பொழுதா, எழும் பொழுதா என்று உரைகாரர்களுக்குள் ஒரு சச்சரவு உண்டு. அங்கே மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை சூரியன் மறைவதில்லை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம்வரை எழுவதே இல்லை. இரண்டு கட்சியும் தோற்றது!

அடுத்த சிக்கல் பனி. நமக்கு மார்கழிப் புல்லில் நிற்பதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி, காலையில் பஸ்ஸை மறைப்பதும் பனி. போவாஸ் 1911இல் எழுதும்போது பனிக்கு எஸ்கிமோ மொழியில் தனித்தனியாக நான்கு வேர்ச்சொற்களைத்தான் காட்டினார். அது வாய்க்கு வாய் வளர்ந்து நூறாகி, நானூறாகி, பின்னர் மொழியியலாளர்களின் கேலிக்கு ஆளானது. நம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டுக்கு அந்த நான்கே போதும். புலம்பெயர்ந்த ஈழத்து எழுத்தாளர்கள் பனியும் பனி சார்ந்த நிலத்தையும் ஆறாம் திணை என்று சொல்லத் தொடங்கியதை முதலில் ஒரு அலங்காரம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இந்த ஆய்வைப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

அங்கே போனவர்களில் பலர் சில ஆண்டுகளில் ஆஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். வடக்கில் வேலை இருந்தது, வீடு இருந்தது, அக்கம்பக்கத்தார் கெட்டவர்களும் இல்லை. குளிருக்கும் இருட்டுக்கும் பயந்து ஓடினார்கள் என்று சொல்வது எளிது. உறவுக்காரர்கள், கோயில், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு என்ற கருப்பொருள்களைத் தேடிப் போனார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மர்பி டவுன்காரர்கள் போகவில்லை. போகச் சொல்லும் சந்தர்ப்பங்கள் இல்லாமலில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் இந்த நகரத்தில் தமிழர் குடியிருப்புகளைத் தேடி வந்து அடித்தது. அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் நிறுவிய திருவள்ளுவர் சிலை, திறப்பு விழா இல்லாமல் 18 வருடம் மூடியே நின்று, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் முகம் காட்டியது. அப்போதும் கிளம்பாததற்குக் காரணம் ஊர்ப்பற்று என்று நான் எழுத மாட்டேன். இந்தத் தெருவில் மாமாவும் இருக்கிறார், மாமாவின் சம்பந்தியும் இருக்கிறார், ஆடி மாதம் கூழும் இருக்கிறது. சாவு விழுந்தால் அரைமணியில் பந்தல் நிற்கும். இந்தக் கட்டமைப்பு ஃபின்மார்க்கில் இல்லை. ஆனால் இதை ரொம்பப் புகழவும் கூடாது. எந்த வேலைக்காரன் எந்தத் தெருவில் இருக்க வேண்டும் என்று அதிகாரமும் சாதியும் சேர்ந்து வகுத்த குடியிருப்பு இது. சுற்றம் கலையாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இயற்கையோ, கண்ணெதிரே ஓர் ஏரி. அதன் கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு, 'தம்பி'கள் என்று ராணுவமே செல்லமாக அழைக்கும் வீரர்கள். உறைபனி என்றால் என்னவென்று லடாக்கில் நின்று தெரிந்துகொண்டு வருகிறவர்கள் இந்தப் பக்கத்தில் அவர்கள்தான். 2016 மார்ச்சில் அந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து, தண்ணீரில் பிராணவாயு குறைந்துபோனது காரணம்.

பழைய வீடுகள் ஒவ்வொன்றாக நான்கு மாடியாகின்றன. அடுத்த வீட்டுப் பையன் கன்னடமும் ஆங்கிலமும் எழுதுவான், தமிழ் பேச மட்டும்தான் வரும். ஃபின்மார்க் பகுதியை மொழிபெயர்த்த தாள்களை அவனிடம் வாசித்துக் காட்டினேன். பனி என்ற சொல் வந்ததும் நிறுத்தி, "மஞ்சா அங்கிள், ஐஸா?" என்றான். கன்னடத்தில் மஞ்சு என்றால் மூடுபனியும்தான், உறைபனியும்தான்.