பேப்பர் போடுவதற்கு முன்

ஆவடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அரசாங்க வேலை மேல் இருக்கும் பிடிப்பு சும்மா வந்ததில்லை. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கேதான் கூடி, சோஷலிச பாணி சமுதாயம்தான் நாட்டின் வழி என்று தீர்மானம் போட்டது. சில ஆண்டுகளில் கனரக வாகனத் தொழிற்சாலை (எச்.வி.எஃப்.) வந்தது. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. கூடவே படைவீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலை, பிறகு என்ஜின் தொழிற்சாலை, டாங்கி ஆராய்ச்சிக்கான சி.வி.ஆர்.டி.இ. என்று ஊரே மத்திய சர்க்கார் சம்பளத்தில் வளர்ந்தது. எச்.வி.எஃப்.பில் வேலை என்று சொன்னால் மளிகைக் கடையில் கணக்கு நோட்டு திறக்கும், பெண் வீட்டார் ஜாதகம் கேட்பார்கள்.

அடுத்திருக்கும் அம்பத்தூர் வேறு ரகம், தனியார் ஊர். தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளுக்கு நடுவே இப்போது கண்ணாடிக் கட்டடங்களில் ஐ.டி. கம்பெனிகள். 2024 நவம்பரில் ஆவடியின் பட்டாபிராமிலேயே 21 மாடி டைடல் பூங்காவைத் திறந்துவிட்டார்கள். தாத்தா டாங்கி செய்தவர், பேத்தி கோடு எழுதுகிறாள். இந்த இரண்டு தலைமுறையும் ஒரே ஹாலில் உட்கார்ந்து பேசும்போதுதான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி பிறக்கிறது: ஐ.டி. வேலையை விட்டுவிட்டு அரசு வேலைக்குப் படிக்கலாமா?

எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண். முப்பதை நெருங்குகிறாள். நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்தாள். "அங்கிள், பேப்பர் போட்டுட்டு முழு நேரமா டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கலாம்னு இருக்கேன்."

"ஏம்மா, வேலை பிடிக்கலையா?"

"வேலை பிடிச்சிருக்கு. எப்போ அனுப்புவாங்களோன்னு பயமா இருக்கு."

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் டி.சி.எஸ். மாதிரி ஒரு கம்பெனியே பன்னிரண்டாயிரம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வீட்டுக் கடன் இருக்கிறவர்கள் தூக்கம் கெடத்தான் செய்யும். ஆனால் பயத்துக்கு மருந்தாக அரசு வேலையைத் தேடுகிறவர்கள், அந்த மருந்து இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆவடியையே எடுத்துக்கொள்வோம். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. நாடெங்கும் இருந்த 41 தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தன. எச்.வி.எஃப். இன்று ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் என்ற கம்பெனியின் கீழ் இருக்கிறது. முதல் நாள் வரை மத்திய அரசுத் துறை ஊழியராக இருந்தவர், மறுநாள் அதே மெஷினில் நின்றபடியே ஒரு கம்பெனிக்கு அயல்பணியில் அனுப்பப்பட்டவராகிவிட்டார். வேலை போகவில்லை, உண்மைதான். ஆனால் எந்தப் பெயரை நம்பிச் சேர்ந்தாரோ அந்தப் பெயர் மாறியது.

மாநில அரசு வேலையும் ஆட்டம் கண்டதுண்டு. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் கூண்டோடு நீக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் சொன்னது. பெரும்பாலோர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள் என்றாலும், அந்த ஒரு மாதத்தை அனுபவித்த குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. அதே 2003 ஏப்ரல் 1 முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமும் நின்றுபோனது. அதன் பிறகு என்னென்ன திட்டங்கள் பேசப்பட்டாலும், தாத்தா வாங்கிய பென்ஷனை மனதில் வைத்து பேத்தி கணக்குப் போடக்கூடாது.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் தனியாரைவிடப் பாதுகாப்புதானே? ஆமாம், பாதுகாப்புதான். ஆனால் உள்ளே போவது எப்படி? 2022 குரூப் 4 தேர்வை ஜூலை 24 அன்று பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். அறிவித்த இடங்கள் 7,301, பின்னால் அது பத்தாயிரத்தைத் தாண்டியது. அப்படியும் நூற்றெண்பது பேரில் ஒருவருக்குத்தான் இடம். முடிவு வந்தது அடுத்த ஆண்டு மார்ச் 24 அன்று. எட்டு மாதம்! அதன் பிறகுதான் சான்றிதழ் சரிபார்ப்பு, கவுன்சிலிங் எல்லாம். இளநிலை உதவியாளர் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. படிகள் சேர்ந்தாலும், ஐந்தாறு வருட அனுபவமுள்ள மென்பொருள்காரர்களில் பலருக்கு இது பெரிய இறக்கம். குரூப் 1க்கு வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 34, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 39. தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து ஹிந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

இனி அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு வருகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

தாலுகா அலுவலகத்தில் உங்கள் சீட்டுக்கு எதிரே ஆள் நிற்பார். கம்பெனியில் நீங்கள் எழுதும் மென்பொருளை யார் பயன்படுத்துகிறார் என்று பெரும்பாலும் தெரியாது. இங்கே தெரியும். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி நிற்பார். வாரிசுச் சான்றுக்கு வந்த அண்ணன் தம்பி உங்கள் முன்னாலேயே சண்டை போடுவார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காகக் கம்ப்யூட்டர் திருப்பிய மனுவைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் முறையாக ஒருவர் வருவார். அது ஏன் திரும்புகிறது என்று பொறுமையாகப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த ஆள் எங்கள் துறைக்கு நிறையவே தேவை. அந்த வகையில் ஐ.டி. பிள்ளைகள் வருவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நேரக் கணக்கு கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட மாதிரி இரவுகளில் வருவாய்த் துறைக்காரருக்கு வீடு கிடையாது. தேர்தல் வந்தாலும் அப்படியே.

இன்னொரு பக்கமும் உண்டு. 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்கள் தலைக்கு மேல் இருக்கும். வேறு தொழில் செய்ய முடியாது, நிலம் வாங்கினால் கணக்குக் காட்ட வேண்டும், அரசாங்கத்தைத் திட்டி முகநூலில் எழுத முடியாது. ஒழுங்கு நடவடிக்கைக்கான ஒரு 17(பி) மெமோ வந்துவிட்டால், தப்பு உங்கள் மேல் இல்லை என்று முடிவாகும்வரை பதவி உயர்வு நிற்கும். அப்ரைசல் சரியில்லை என்றால் கம்பெனி மாறலாம். இங்கே பிடிக்காத அதிகாரிக்கு மாற்றல் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அரசாங்கத்திலேயே மென்பொருள் வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்களும் விளம்பரத்தை முழுசாகப் படியுங்கள். அவற்றில் கணிசமானவை ஒப்பந்த நியமனங்கள், அங்கே கம்பெனியைவிடப் பாதுகாப்பு குறைவு.

ஆகவே அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "பேப்பர் போடாதேம்மா. ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுட்டு திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போ. குறைதீர்க்கும் நாள். காலையிலிருந்து மதியம் வரை ஓரமா உட்கார்ந்து பார். மனுவோட நிக்கிறவங்களைப் பார்த்து, அந்த மேஜைக்குப் பின்னால நாம இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணிச்சுன்னா படி. வேலையில இருந்துகிட்டே ரெண்டு தேர்வு எழுது. கட்-ஆஃப் பக்கத்துல வந்தா அப்புறம் பேசலாம். தோணலைன்னா, பயத்துக்காக மட்டும் இங்க வராதே."

அவள் போய்ப் பார்த்தாள். இப்போது வேலையில் இருந்தபடியே குரூப் 2க்குப் படிக்கிறாள்.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணப் பேச்சில் எடுபடும் என்பதற்காகச் சம்பாதிக்கிற பிள்ளையை ராஜினாமா செய்யச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே விட்டுவிட்டுப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு வருடம் என்று ஒரு கெடு வையுங்கள். அது முடிந்து அவன் மறுபடி தனியார் வேலைக்குக் கிளம்பினால் வாசலில் நின்று வழியனுப்புங்கள், தோற்றுவிட்டான் என்று உறவுக்காரர்களிடம் சொல்லாதீர்கள்.