ஜொகூர் - பினாங்கு: ஒரு மணி நேரமா, ஐந்து மணி நேரமா?

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை போறது பத்தி ரெண்டு நாளா வாட்ஸ்அப்ல ஒரே கேள்வி: "பிளேன்ல எவ்வளவு நேரம், பஸ்ல எவ்வளவு நேரம்?" தொண்டர்கள் நாங்க உட்கார்ந்து கணக்குப் போட்டதை இங்கே எழுதறோம்.

செனாய் விமான நிலையத்திலிருந்து பாயான் லெப்பாஸுக்கு நேர்கோட்டில் சுமார் 550 கிலோமீட்டர். ரோட்டுல போனா ஏறக்குறைய 700. பிளேன் அட்டவணையில் சுமார் ஒன்னேகால் மணி நேரம்னு இருக்கும். அதுல முழுக்கப் பறக்கறது இல்லை. நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, ஓடுபாதைக்குப் போறது, மேலே ஏறறது, இறங்கறது, திரும்பப் போய் நிக்கிறது வரைக்கும் எல்லாம் சேர்த்துத்தான் அந்த நேரம்.

தொழிற்சாலையில் எங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் ஒன்னு. மெஷின் ஒரு பொருளை ஒரு நிமிஷத்துல செஞ்சிடும். அது லாரி ஏற மூணு நாள் ஆகும். பயணமும் அப்படித்தான். வீட்டிலிருந்து செனாய் முக்கால் மணி, அங்கே காத்திருக்க ரெண்டு மணி, பறக்க ஒன்னேகால், பெட்டி எடுக்க அரை மணி, அங்கிருந்து கோயிலுக்கு முக்கால் மணி. மொத்தம் ஐந்தேகால் மணி நேரம். பஸ்னா எட்டு ஒன்பது மணி நேரம், பூச நெரிசல்ல இன்னும் கூடும்.

"நாலு மணி நேரம் மிச்சம் பிடிக்க இவ்வளவு காசா?" என்று சிலர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா நம்ம குழுவில் எழுபது தாண்டின பாட்டிமார் நாலு பேர் இருக்காங்க. போன தடவை பஸ்ல போய் இறங்கும்போது ஒருத்தருக்குக் கால் வீங்கி, செருப்பே போட முடியலை. இந்த வருஷம், "நாங்க வரலைப்பா, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்றாங்க. வயசானவங்களுக்கு மொத்த நேரம் பெரிசு இல்லை. முட்டியை மடக்கியே உட்கார்ந்திருக்கிற நேரம்தான் பெரிசு. பிளேன்ல அது ஒன்னேகால் மணி நேரம்தான். மற்ற நேரம் எழுந்து நடக்கலாம், கழிவறை போகலாம். அங்கே போனதும் 513 படி காத்திருக்கு. கால்ல இருக்கிற தெம்பை ஹைவேயிலேயே கரைச்சிட்டா முருகனை எப்படிப் பார்க்கறது?

அதனால் முடிவு இது: பெரியவங்களும் துணைக்கு ரெண்டு தொண்டர்களும் பிளேன்ல, மற்றவங்க பஸ்ல. கோயில் பணம் ஒரு வெள்ளிகூடத் தொடலை. பிள்ளைங்க சிலர் டிக்கெட் எடுத்தாங்க. பிள்ளை இல்லாத பாட்டிக்குத் தொண்டர்கள் பங்கு போட்டோம். அவங்க மறுத்தாங்க. "நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப நீங்க எங்களுக்குப் பிரசாதம் ஊட்டலையா?" என்று கேட்டதும் பேசாமல் ஐசியை எடுத்துக் கொடுத்தாங்க.

பிளேன்ல போறவங்க கவனிக்க:

வேல், அலகு எதுவும் கையோடு கொண்டு போக முடியாது. எல்லாம் பஸ்ல வரும்.

கற்பூரம் சீக்கிரம் தீப்பிடிக்கும். பெட்டியிலும் வைக்காதீங்க, பினாங்கில் வாங்கிக்கலாம்.

சர்க்கரை மருந்து, இன்சுலின் கைப்பையில் இருக்கட்டும்.

சக்கர நாற்காலி வேணும்னா இப்பவே சொல்லுங்க. டிக்கெட் போடும்போதே பதியணும்.

பஸ்ல போற தம்பி தங்கச்சிங்களே, நீங்க முதல் நாள் சாயங்காலமே கிளம்பணும். பெரியவங்க வந்து சேரும்போது அடிவாரத்தில் அவங்களுக்கு உட்கார இடமும் குடிக்கச் சுடுதண்ணியும் தயாரா இருக்கணும். அது உங்க பொறுப்பு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!